விலை பாதி, பட்டறை மீதி: பெங்களூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது எப்படி?

நான் வாங்கிய கார் 9 ஆண்டுகளில் வெறும் 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. விற்றவர் அந்த எண்ணை மூன்று முறை சொன்னார், நானும் மூன்று முறை மயங்கினேன். இரண்டு கதவு, ஜெர்மன் தயாரிப்பு, 16 லட்சம் ரூபாய். முதல் 14 மாதங்களில் நான்கு டயர்களுக்கு 84,000, முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம்களுக்கு 62,000, துருப்பிடித்த பிரேக் டிஸ்க்குகளுக்கு 55,000, ஏ.சி. கண்டென்சருக்கு 46,000, கூலன்ட் தொட்டிக்கும் குழாய்களுக்கும் 38,000, கியர்பாக்ஸ் ஆயிலுக்கு 22,000, பேட்டரிக்கு 18,000. மொத்தம் 3,25,000 ரூபாய். இதில் எதுவும் நான் வேகமாக ஓட்டிக் கெடுத்தது அல்ல. எல்லாம் நின்ற இடத்திலேயே கெட்டவை.

இந்த ஊரில் இப்படித்தான் நடக்கும். வார நாள் நெரிசலில் இத்தகைய காரை யாரும் எடுப்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் உறை போர்த்திக் கிடக்கும். ஞாயிறு விடியற்காலையில் நந்தி மலைக்கு ஒரு நடை, பிறகு மறுபடி உறை. ரப்பர் காய்கிறது, சீல்கள் சுருங்குகின்றன, தொட்டியில் பெட்ரோல் பழையதாகிறது, பானெட்டுக்குள் எலி குடியேறி ஒயரைக் கடிக்கிறது. ஆகவே விளம்பரத்தில் 'குறைவாக ஓடியது' என்று பார்த்தால் நீங்கள் மகிழ வேண்டாம். 60,000 கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு ஆண்டும் பட்டறை ரசீது வைத்திருக்கும் காரும் 15,000 கிலோமீட்டர் ஓடி ரசீதே இல்லாத காரும் ஒரே விலைக்கு வந்தால், நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வேலைக்காக இங்கே வந்து, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இந்த ஆசை பிடித்தவர்களுக்காக, நான் பட்டதை வைத்து ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில் பணக்கணக்கு

கையில் 20 லட்சம் இருந்தால் 20 லட்சத்துக்குக் கார் தேடாதீர்கள். 15 அல்லது 16 லட்சத்தோடு நிறுத்துங்கள். மீதியைத் தனிக் கணக்கில் போட்டு, அது பட்டறைக்காரருடைய பணம் என்று மனத்தில் எழுதிவிடுங்கள். கார் பழையதாகும்போது அதன் விலைதான் குறைகிறது, உதிரிபாகத்தின் விலை குறைவதில்லை. புதிதாக 60 லட்சத்துக்கு விற்ற கார் இன்று 15 லட்சத்துக்குக் கிடைக்கலாம். ஆனால் அதன் பிரேக் டிஸ்க் இன்றும் 60 லட்ச ரூபாய்க் காரின் பிரேக் டிஸ்க்தான்.

காரைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

விற்பவரிடம் பதிவுச் சான்று, காப்பீடு, சர்வீஸ் ரசீதுகள் ஆகியவற்றின் படங்களை முதலில் கேளுங்கள். தயங்குகிறவரிடம் போகவே வேண்டாம். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உண்டா, காப்பீடு உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

புதிதாக வந்தவர்கள் தடுமாறி விழும் குழி வெளிமாநிலப் பதிவு எண். டெல்லி எண்ணோடு வரும் கார் இங்கே இருப்பதைவிட இரண்டு மூன்று லட்சம் மலிவாகத் தெரியும். 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கு டெல்லியில் வந்த கட்டுப்பாடுகள், அந்த வயதை நெருங்கும் கார்களையும் அங்கே விலை குறைத்துவிட்டன. ஆனால் கர்நாடகத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்து ஆயுள் வரி கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வரி 18 சதவீதம், அதன்மேல் செஸ் தனி. வயதுக்கேற்பக் குறைப்பார்கள் என்பது உண்மை. ஆனால் கணக்கு தொடங்குவது நீங்கள் கொடுத்த விலையில் அல்ல, கார் புதிதாக இருந்தபோது விற்ற விலையில். மிச்சம் பிடித்த இரண்டு லட்சம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கவுன்ட்டரில் கரைந்துவிடும். ஓசூரின் டி.என். 70 எண்ணோடு வெளிவட்டச் சாலையில் சுற்றும் கார்களைப் பார்த்து நீங்களும் துணிய வேண்டாம்.

இன்னொன்று வெள்ளம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், ஏமலூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது விலையுயர்ந்த கார்கள் பல கூரை வரை மூழ்கின. அவற்றில் சில துடைத்து மெருகேறிச் சந்தைக்குத் திரும்பியிருக்கும். காப்பீட்டுக் கோரிக்கை வரலாற்றைக் கேளுங்கள். நேரில் பார்க்கும்போது இருக்கை பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் முழங்கை நீளத்தை எல்லோரும் கழுவுவார்கள், சுருளின் உள்ளே இருக்கும் கடைசி அடியைக் கழுவுவதில்லை. அங்கே செம்மண் கோடு இருந்தால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.

எந்தக் காருக்கு என்ன வியாதி

எல்லாக் காரும் எல்லா வகையிலும் கெடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் பிறவிக்குறை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் முடிவெடுத்துவிடலாம்.

போர்ஷே பாக்ஸ்டர், கேமன் இரண்டிலும் முதலில் கேட்க வேண்டியது ஆண்டு. 2005 வாக்கு வரை வந்த என்ஜின்களில் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் முன்னறிவிப்பின்றி நொறுங்கக்கூடியது. நொறுங்கினால் என்ஜினே போய்விடும். 2006 முதல் 2008 வரை பெரிய பேரிங் போட்டார்கள். ஆபத்து குறைவு, ஆனால் என்ஜினைப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது. 2009 மாடலில் வந்த புதிய என்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. ஆகவே ஒரு மாடல் ஆண்டு வித்தியாசத்துக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பழைய என்ஜின்களில் சிலிண்டர் சுவரில் கீறல் விழுவதும் உண்டு. சைலன்சர் குழாய் கரி பிடித்திருப்பது, தாளம் தட்டுவதுபோன்ற சத்தம், ஆயில் அளவு இறங்கிக்கொண்டே இருப்பது ஆகியவை அடையாளங்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியே குட்டிக் கேமரா விட்டுப் பார்க்கலாம்.

பாக்ஸ்டரில் துணிக்கூரை நீர் வடியும் துளைகளையும் பாருங்கள். பெங்களூரின் மரங்கள் இத்தகைய கார்களுக்கு எதிரி. பிப்ரவரி, மார்ச்சில் தபேபூயாப் பூ கொட்டி அந்தத் துளைகளை அடைக்கும். மே மாத மழை இருக்கைக்கு அடியில் தேங்கும். அங்கேதான் பூட்டையும் சாவியையும் ஆளும் மின்னணுப் பெட்டி இருக்கிறது. தரைவிரிப்பை அமுக்கிப் பாருங்கள், ஈரம் விரலுக்குத் தெரியும்.

இரண்டாம் தலைமுறை ஆடி டி.டி.யின் தொடக்ககால 2.0 லிட்டர் டர்போ என்ஜினில், உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப்புக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும் நடுவில் சின்னக் கிண்ணம் போன்ற ஒரு பாகம் இருக்கிறது. கேம் ஃபாலோவர் என்பார்கள். சில ஆயிரம் ரூபாய்ப் பொருள். தேய்ந்து ஓட்டையாகிவிட்டால் பம்ப்பும் தண்டும் சேர்ந்து போகும், செலவு லட்சத்தைத் தாண்டும். கழற்றிக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, மெக்கானிக்குக்கு அரை மணி நேர வேலைதான். 2008 முதல் 2012 வரையான, ஆடியும் ஸ்கோடாவும் அடங்கிய ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.8, 2.0 லிட்டர் என்ஜின்கள் பலவற்றில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனமானது. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸின் பழைய 1.8 டர்போவில் செயினுக்குப் பதில் பெல்ட். அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எம்.டபிள்யூ. இசட் 4-இன் 35ஐ மாடலில் மின்சார வாட்டர் பம்ப்பும் உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப்பும் கவனிக்க வேண்டியவை. மடியும் உலோகக்கூரை கொண்ட எந்தக் காராக இருந்தாலும், மெர்சிடஸ் எஸ்.எல்.கே. உட்பட, கூரையை நான்கு முறை திறந்து மூடச் சொல்லுங்கள். ஒரு முறை எல்லாக் கூரையும் வேலை செய்யும்.

குளிர்ந்த என்ஜினோடு காலை 7 மணிக்கு

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முந்தின இரவே சொல்லிவிடுங்கள். போனதும் வணக்கம் சொல்வதற்கு முன்பே என்ஜினுக்கு மேலே உள்ள மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் இருக்கையில் உட்காராதீர்கள். என்ஜின் இருக்கும் பக்கம் நில்லுங்கள். முதல் இரண்டு மூன்று விநாடிகளில் சில்லறைக் காசை டப்பாவில் குலுக்குவதுபோல் ஒலித்து அடங்கினால் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது: டர்போ அல்லது வால்வு சீல். சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியின் அடியில் தயிர் ஒட்டியதுபோல் இருந்தால் எச்சரிக்கை. ஆனால் குறைந்த தூரமே ஓடும் காரில் வெறும் ஈரத்தாலும் அது வரும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

காரின் கணினியில் பதிவான பிழைக்குறிகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கிக்கொண்டு போங்கள். பிழைக்குறி எதுவும் இல்லை என்று காட்டினால் நிம்மதி அடையாதீர்கள். காரின் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியல் ஒன்று அதே கருவியில் தெரியும். அதில் பல சோதனைகள் 'முடியவில்லை' என்றிருந்தால், அண்மையில்தான் யாரோ பிழைக்குறிகளை அழித்திருக்கிறார்கள். அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். விற்பவரின் முகத்தைப் பார்த்து இதைக் கேட்டுவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3517 என்றால் 2017-இன் 35-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறேழு ஆண்டு கடந்த டயரை வேகத்தில் நம்பக் கூடாது. என் காரின் டயர்கள் பார்வைக்குப் புதியவை, வயது 9.

ஓட்டிப் பார்க்க நைஸ் சாலைக்குப் போகாதீர்கள்

விற்பவர்கள் எல்லோரும் ஊரைச் சுற்றிப் போகும் சுங்கச் சாலையான நைஸ் சாலைக்கே கூட்டிப்போவார்கள். காலியான சாலையில் 120-இல் எல்லாக் காரும் தேவரதம்தான். நீங்கள் மாலை 6 மணிக்கு, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்புக்கு ஓட்டுங்கள். ஏ.சி. போட்டபடி 25 நிமிடம் ஊர்ந்தால் மூன்று உண்மைகள் வெளிவரும். வெப்பமானி முள் ஏறுகிறதா? இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் முதல், இரண்டாம் கியர்களில் உதறுகிறதா? ஏ.சி. காற்று நின்ற நிலையில் சூடாகிறதா? பின்கியர் போட்டு ஒரு நொடிக்கு மேல் யோசித்தால் கியர் மாற்றத்தை ஆளும் மெக்கட்ரானிக் பெட்டிக்கு வயதாகிறது. ஆறு கியர் ஈரக் கிளட்ச் வகைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். 'ஆயுளுக்கும் போதும்' என்று சொல்பவரின் ஆயுள் காரை விற்கும் நாள் வரைதான்.

பிறகு ஒரு வேகத்தடை. குறுக்காக, ஒரு சக்கரம் முன்னால் ஏறும்படி மெதுவாகக் கடந்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் கேளுங்கள். டொக் என்றால் சஸ்பென்ஷனின் லிங்க் ராடு, சில ஆயிரங்களில் முடியும். கிரீச் என்றால் அதன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ். அடியில் உரசினால், அது எத்தனையாவது முறை என்று அடிப்பாகத்தில் எழுதியிருக்கும்.

பட்டறை லிஃப்டில் ஏற்றாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

இது ஒன்றை மட்டும் செய்தால்கூடப் போதும். வில்சன் கார்டன், லால்பாக் சாலை வட்டாரத்தில் பட்டறைகள் நிறைய. தமிழ் பேசும் மெக்கானிக்குகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. காரை ஏற்றி இறக்கி, ஸ்கேன் செய்து, எழுதிக் கொடுக்க 3,000 முதல் 8,000 ரூபாய் கேட்பார்கள். விற்பவர் சொல்லும் பட்டறைக்குப் போகாதீர்கள், நீங்களே தேர்ந்தெடுங்கள்.

நான் இதைச் செய்தேன். ஆனால் வாங்கிய பிறகு. வில்சன் கார்டன் சந்து ஒன்றில் காரை உயர்த்தியதும் மெக்கானிக் அண்ணன் டார்ச்சைக்கூட எடுக்கவில்லை. லோயர் ஆர்மின் ரப்பரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ரப்பர் பொடிந்து அவர் சட்டைமேல் விழுந்தது. "கருவாடாகக் காய்ந்துவிட்டது சார். ஓடிய காரென்றால் கிழியும். இது நின்றே வெடித்திருக்கிறது" என்றார். பிறகு பிரேக் டிஸ்க்கின் உட்புறத்தைக் காட்டினார். வெளிப்புறம் பளபளப்பு; உட்புறத்தில் பேட் படாமல் துரு வட்டம் வட்டமாகத் தின்றிருந்தது. சக்கரம் மாட்டியிருக்கையில் நின்று பார்க்கிற யாருக்கும் அது தெரிந்திருக்காது.

லிஃப்டில் பார்க்க வேண்டியவை இவ்வளவுதான்: என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிவு, என்ஜின் ஆயில் அடித்தொட்டியில் அடிபட்ட தடம், ரப்பர் புஷ்கள், டிஸ்க்கின் உட்புறம், ஷாக் அப்சார்பரில் ஈரம், ரேடியேட்டர் முகத்தில் சருகு. அடித்தட்டுக்குப் போட்ட திருகுகள் புத்தம் புதிதாக இருந்தால், ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்

தனியார் பட்டறைகளில் நான் கொடுத்ததும், விசாரித்தபோது எனக்குச் சொன்னதும் இவை. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 லிட்டர் டர்போவுக்கு ஆயிலும் ஃபில்டரும் 8,000 முதல் 15,000. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் ஆயில் 15,000 முதல் 25,000. கிளட்ச் தொகுதி ஒரு லட்சத்துக்கு மேல். மெக்கட்ரானிக் புதிதாக மாற்றினால் ஒன்றரை முதல் 3 லட்சம். டைமிங் செயின் வேலை கூலியோடு 80,000-இல் தொடங்கும். டர்போவைப் பிரித்துச் சரிசெய்ய 30,000 முதல் 60,000, புதிது என்றால் ஒரு லட்சம் தாண்டும். இக்னிஷன் காயில் ஒன்று 3,000 முதல் 6,000. நேரடிப் பெட்ரோல் செலுத்தும் என்ஜின்களில் வால்வுகளில் கரி படியும். அதைச் சுத்தம் செய்ய 15,000 முதல் 25,000. மடியும் உலோகக்கூரையின் ஹைட்ராலிக் பழுதுக்கு மட்டும் நான் எண் சொல்ல மாட்டேன். அது கிணறு.

உதிரிபாகத்தில் ஒரு நுணுக்கம். கார் நிறுவனப் பெட்டியில் வரும் பாகத்தைச் செய்து கொடுப்பது பெரும்பாலும் லெம்ஃபோர்டர், சாக்ஸ், போஷ், மாலே போன்ற நிறுவனங்கள். அதே பொருள் அவற்றின் சொந்தப் பெட்டியில் கணிசமாக மலிவு. பாக எண்ணைக் குறித்துக்கொண்டு ஜே.சி. சாலைக் கடைகளில் கேளுங்கள். கண்ணாடிச் சட்டம், கதவுக் கைப்பிடி, இருக்கை மோட்டார் போன்றவற்றைச் சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் தேடலாம். பிரேக், ஸ்டியரிங், எரிபொருள் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்காதீர்கள்.

எழுதி வாங்கிய பழுதுப் பட்டியலோடு பேரம் பேசுங்கள். "கொஞ்சம் குறையுங்கள்" என்றால் 10,000 குறையும். "டயர் 80,000, புஷ் 60,000, இதோ தாள்" என்றால் ஒரு லட்சம் குறையும்.

வாங்கிய முதல் மாதம்

ரசீது எதைச் சொன்னாலும் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பழைய பெட்ரோலை முழுக்க இறக்கச் சொல்லுங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இதே பெங்களூரில் நடந்த எரிசக்தி மாநாட்டில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் பிறந்த பல கார்களின் குழாய்களும் சீல்களும் அதை எண்ணிச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே தொட்டியை நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். எரிபொருள் குழாய்களை ஆண்டுக்கொருமுறை முகர்ந்தும் தடவியும் பாருங்கள்.

காப்பீட்டில் என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேருங்கள். தேங்கிய தண்ணீரில் என்ஜின் நீரை உறிஞ்சி நின்றுபோனால், அது இல்லாமல் பெரும்பாலும் பணம் வராது. விற்றவரின் கோரிக்கையில்லாச் சலுகை (நோ கிளெய்ம் போனஸ்) உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும்.

வாரத்தில் ஒரு நாளாவது 40 நிமிடம், என்ஜின் ஆயில் முழுதும் சூடாகும்வரை ஓட்டுங்கள். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும், ஈரம் உள்ளேயே தங்கும். எலிக்கு என் அடுக்குமாடிக் காவலாளி புகையிலைப் பொட்டலத்தைப் பானெட்டுக்குள் கட்டச் சொன்னார். கட்டினேன். எலி பொட்டலத்தைத் தொடவில்லை, பக்கத்திலிருந்த ஒயரைத் தின்றது. பிறகு ஒயர்களுக்குக் கம்பிவலை சுற்றினோம், 4,200 ரூபாய்.

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கிலோமீட்டர், பாகம், தொகை. விற்கும் நாளில் அந்த நோட்டைக் காட்டினால் உங்கள் விலை நிற்கும். என் நோட்டில் கடைசி வரி போன செவ்வாய்க்கிழமையுடையது: 41,260, பின்பக்க பேட், 14,500.